அழித்த பெயர்

டயல்-அப் இன்டர்நெட் காலம். வளைகுடாவில், முசஃபா என்ற ஊரில் ஒரு கம்பெனியில் டியூட்டி பட்டியல் போடுவது என் வேலை. அதற்கான மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. நான் அதை அழித்து என் பெயரைப் போட்டு, பாராட்டும் வாங்கினேன்.

அதில் ஞாயிறு என்றிருந்த வார விடுமுறையை, அந்த ஊர் வழக்கப்படி வெள்ளிக்கு மாற்றியதும் வந்தது வினை. சனிக்கிழமை தொழிலாளர் கேம்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பட்டியலில் வெள்ளியோடு சனிக்கும் எல்லோருக்கும் லீவு!

"சைட்ல ஒருத்தனும் இல்ல! என்னய்யா பட்டியல் இது?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

பதற்றத்தில், அந்த மென்பொருளின் இணைய மன்றத்திலேயே என்னிடமிருந்த நிரல் கோப்பைப் போட்டு உதவி கேட்டேன். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய முதல் வரியில் என் பெயர் பளிச்சென்று இருந்தது.

எழுதியவரும் தமிழர்தான். "தப்பு என்னோடது தம்பி. வெள்ளிக்கிழமை லீவு விடுற ஊரை நான் யோசிக்கல. திருத்தி அனுப்பியிருக்கேன்" என்று பதில் போட்டார்.

திறந்தேன். மேலே அவர் பெயர். அடுத்த வரியில், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயர்.

நானே போட்டுக்கொண்டபோது வராத வெட்கம், அவர் போட்டபோது வந்தது.