இடப்பக்கத்துக் குமிழ்

ஸ்டெல்லா ஒரு காலை இழந்தது என்னால்தான். அவள் கணவன் தயாளனால் அல்ல... என்னால்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். தயாளனும் ஸ்டெல்லாவும் ஆரணியில் காய்கறி வாங்கிக் கம்பெனி கேன்டீன்களுக்குப் போடுகிறவர்கள். லோடு ஏற்றினால் பிக்கப் வண்டி அலைகிறது என்று, இறுக்கம் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கி வந்தார்கள்.

அதன் அடியில் ஒரு குமிழ் இருக்கும். திருகினால் டக், டக் என்று சொடுக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஷாக் கொஞ்சம் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். இதைவிட எளிய விதி உண்டா, சொல்லுங்கள்!

வலப்பக்கம் எட்டு வைத்தேன். வண்டிக்கு அடியில் படுத்தபடி இடப்பக்கம் எண்ணிக்கொண்டிருந்தபோது தயாளன் குனிந்து கேட்டான்.

"அண்ணா, வெங்காய மூட்ட ஏத்துனா ஆடாதுல்ல?"

"நீ மலையவே ஏத்திக்கினு போப்பா. நான் மாட்டுன ஷாக்கு, இன்னாத்துக்கு பயப்படுற?"

பீற்றிக்கொண்டதில் எண்ணிக்கை போய்விட்டது. மூன்றா? ஏழா? தவறினால் முழுதும் தளர்த்திவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே! எட்டு வரை எண்ணத் தெரியாத மெக்கானிக் என்று நினைத்துவிட்டால்? குத்துமதிப்பாக ஏழு என்று வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு சொடுக்குத் திருகிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் ஆரணியாற்றுப் பாலத்துக்கு முந்திய வளைவில் வண்டி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. ஸ்டெல்லா அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

வண்டியை என் பட்டறைக்கே இழுத்து வந்தார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, குமிழைத் தளர்த்தி எண்ணினேன். நான்கு! எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு... உடனே எட்டுக்குத் திருகி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

தயாளன் வேகமாகத்தான் போயிருப்பானோ? குமிழ் சரியாக இருந்திருந்தாலும் கவிழ்ந்திருக்குமோ? இருக்கலாம்... இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குள் எத்தனை முறை போய் ஒளிந்துகொண்டேன் தெரியுமா? உண்மையைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் நானே திருகி அழித்துவிட்டேன்.

"வண்டில எதுனா கோளாறாண்ணா?" என்று தயாளன் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் கரெக்டா கீது."

"அப்ப நான்தான்..." என்றான்.

மெதுவாகப் போ என்று அன்று தான் சொன்னதை அவன் கேட்கவில்லை என்பது ஸ்டெல்லாவின் கோபம். மருத்துவமனையிலிருந்து நேரே மணவாள நகரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடமாகப் பேச்சில்லை. போன மாதம் தயாளன் என்னிடம் வந்து கெஞ்சினான். தனக்காக அவளிடம் நான் பேச வேண்டுமாம். போனேன். ஆம், போனேன்!

அவள் எதிரில் உட்கார்ந்து, "மன்னிச்சிடும்மா. மனுஷன்னா தப்பு பண்ண மாட்டானா?" என்றேன். எந்த நாக்கால் சொன்னேன்!

ஸ்டெல்லா ஊன்றுகோலை மடியில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி மேல தப்பு இருந்திருந்தா நான் அவர வுட்டுட்டு வந்திருப்பனாண்ணா? நீங்கதான பாத்துட்டு ஒண்ணுமில்லன்னீங்க... அப்புறம் இன்னான்னு மன்னிக்கறது?"

அவள் அம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கிக் குடித்தேன்.

தெருமுனையில் நின்றிருந்த தயாளன் ஓடி வந்தான். "இன்னா சொல்லிச்சுண்ணா?"

"கொஞ்ச நாள் போவட்டும்பா."

பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டான். கும்மிடிப்பூண்டி வரும் வரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தான்.