இருபது பலகைகளில் ஒன்று

1. மலேசியாவில், தம்பின் நகருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட மண்டபத்தில், நான் எழுதிய சதுரங்க நிரல் ஒரு கிராண்ட்மாஸ்டரை வென்றது.
2. அவர் அன்று ஒரே நேரத்தில் இருபது பலகைகளில் ஆடினார். அவற்றில் ஒன்றில்தான் என் மடிக்கணினி இருந்தது.
3. மறுநாள் எங்கள் சதுரங்க மன்றத் தலைவர், அடுத்த மாதக் கண்காட்சிக்கு "கிராண்ட்மாஸ்டரை மிஞ்சிய கணினி" என்று பேனர் அடிக்கப் போவதாகச் சொன்னார்.

அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான்லா. உனக்கே கசக்குதா?"

"அவரு நடந்துகிட்டே இருபது பலகைய பாத்தாரு, அங்கிள். என் புரோகிராம் ஒண்ணத்தான் பாத்துச்சு. நீங்க நிரையில உள்ள ரப்பர் மரம் முழுசும் சீவி முடிக்கறதுக்குள்ள, ஒருத்தன் ஒரே மரத்த சீவிட்டு உங்கள ஜெயிச்சேன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

பால்மரம் சீவி வளர்ந்தவர் அவர். சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை.

"பேனர் இல்லன்னா கண்காட்சியில உனக்கு மேசையும் இல்ல. வேற ஆளு கேட்டுகிட்டு இருக்கான்."

நிரலை நாலு பேர் முன்னால் வைக்க எட்டு மாதம் உழைத்திருந்தேன். "மேசைய அந்த ஆளுக்கே குடுத்துருங்க" என்றேன். எதிராளி தனியாக உட்கார்ந்து, முழு நேரம் எடுத்து, பல ஆட்டங்கள் ஆடிய பிறகுதான் பலத்தைப் பற்றிப் பேசலாம்.

மேசை கைமாறிவிட்டது. பத்து ஆட்டங்கள் கேட்டு அந்த கிராண்ட்மாஸ்டருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. என் நிரல் எவ்வளவு பலமானது என்று எனக்கு இன்னும் தெரியாது.