கடைசி அறைக்குத் தண்ணீர்

எனக்கு மூத்தவரான எங்கள் ஜவுபர் காக்காவுக்கு வயது இருபத்தெட்டு. அவருடைய கோபத்துக்கு அறுபது இருக்கும். சம்மாந்துறைப் பக்கம் ஒரு வாய்க்காலுக்கு அவர்தான் வட்டவிதானை. யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிடுகிற வேலை. அது எங்கள் வாப்பா அபூசாலி பார்த்த வேலை. வாப்பா மவுத்தான கையோடு வயல்காரர்கள் கூடி, அதை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மூடிய கம்ப்யூட்டரை ஆறு வருசம் கழித்துப் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்துதான் திறந்தார்.

உள்ளே அவருடைய பழைய விளையாட்டு விட்ட இடத்திலேயே நின்றது. குளிர் பிடித்த ஒரு கிரகம், நிலத்துக்கு அடியில் எட்டு மனிசர். அவர்களுடைய காற்று, தண்ணீர், சோறு, சண்டை எல்லாவற்றையும் நாம்தான் பார்க்க வேண்டும். அந்த எட்டில் ஒருவர் பெயர் அபூசாலி. வாப்பா ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தி, தன் பெயரிலும் ஒருவனைப் போடச் சொன்னார். அவனைக் கடைசி அறையில்தான் படுக்க வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. ஏன் கடைசி அறை என்று நான் கேட்கவில்லை, காக்காவும் கேட்கவில்லை.

காக்கா தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, எட்டுப் பேரில் பெரிய சோம்பேறி எவன் என்று தேடி, அவனுக்கு ஜவுபர் என்று பெயர் மாற்றி வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதல் அறிவித்தல் வந்தது: ஜவுபர் வேலை செய்ய மறுக்கிறார். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனால் சிரிக்க நேரமில்லை. திரை முழுக்கச் சிவப்புக் குறி. குழாய்க்கு மேல் குழாய், கம்பிக்குக் கீழ் கம்பி. தான் கட்டிய ஊரில் எது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. போதாததற்கு விளையாட்டிலும் புதுப்புதுப் பொத்தான்கள் முளைத்திருந்தன.

"எந்த மடையன் இந்தக் குழாயப் போட்டவன்?"

"நீங்கதான் காக்கா."

"வாயப் பொத்து."

அவர் காட்டியது ஒரு நீளக் குழாய். கிணற்றடியில் தொடங்கி, சமைக்கிற குசினி, தோட்டம், குளியலறை எதையும் தொடாமல், கடைசி அறை வரைக்கும் தனியாகப் போனது. எல்லா அறைக்கும் போகிற குழாய் வேறு ஒன்று இருந்தது. பிறகு எதற்கு இது? யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரனும் நீளக் குழாய் வீண் என்று சொன்னானாம். காக்கா அதை உடைத்துப் போட்டார். இரும்பு மிச்சம் என்று சந்தோசம் வேறு.

அஸர் தொழுகை நேரத்துக்குள் அபூசாலி தாகத்தில் படுத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றால் ஆள் முடிந்தது என்று திரை சொன்னது. அங்கே ஒரு நாள் என்பது நமக்குப் பத்து நிமிசம். பழைய இடத்துக்குத் திரும்பவும் வழியில்லை. செத்தவன் செத்தவன்தான் என்கிற கடும் முறையை, இருபது வயதுத் திமிரில், காக்காவே தெரிந்தெடுத்திருந்தார்.

அவர் கிணற்றைப் பெரிதாக்கினார். பம்பை மாற்றினார். தண்ணீர் வந்தது, குசினியும் தோட்டமும் குடித்தன, குளியலறையில் ஒருவன் பாட்டுப் பாடிக் குளித்தான். கடைசி அறைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. காக்கா விசைப்பலகையை அடித்தார். வாப்பா இரண்டாம் தரமும் மவுத்தாகப் போறார், இந்தத் தரம் என்ட கையால என்று முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

இதற்கிடையில் நஸீம் காக்கா போனில் நாலாம் தரம் கோல் எடுத்தார். வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருப்பவர். மடைக்குப் பக்கத்திலேயே இருந்தும் தனக்கு இன்றைக்குத் தண்ணீர் இல்லையே என்று அவருக்கு எரிச்சல். எங்கள் காக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தினார்:

"மேல இரிக்கிற நீங்க முதல்ல பாய்ச்சினா கீழ இரிக்கிறவன் என்னத்தக் குடிக்கிற? கடைசிக் கண்டத்துக்கு முதல்ல, பிறகுதான் உங்களுக்கு. விதானைட வயலே கடைசியிலதானே கிடக்கு, தண்ணி வரல்லண்டா அவனுக்குத்தானே முதல்ல தெரிய..."

பேச்சைப் பாதியில் விட்டுத் திரையில் கடைசி அறையைப் பார்த்தார். நஸீம் காக்கா மட்டும் அங்காலே ஹலோ, ஹலோ என்று கொண்டிருந்தார்.

காக்கா கோலை வெட்டவில்லை. உடைத்த குழாயைத் துண்டு துண்டாகத் திரும்பப் போட்டார். கிணற்றடியில் தொடங்கி, குசினியைத் தொடாமல், தோட்டத்தைத் தொடாமல். கடைசித் துண்டு விழுந்ததும் அந்த அறைத் தொட்டியில் தண்ணீர் ஏறியது.

ஆனால் அபூசாலிக்கு எழும்ப இயலாது. யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருவன் நித்திரை, ஒருவன் சண்டை, குளிப்பவன் இன்னும் குளித்துக்கொண்டிருந்தான். கடைசி அறை வாசலில் சும்மா நின்றது ஒரே ஒரு ஆள், எல்லா வேலையையும் மறுக்கிற ஜவுபர். நான் நகத்தைக் கடித்தேன். இந்த நாய் மறுத்தால் பெயர் வைத்த பாவம் எனக்குத்தான்.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு தொட்டியடிக்குப் போய் ஒரு கோப்பையை நிரப்பிக்கொண்டு கட்டிலடிக்குப் போனான்.

அபூசாலி குடித்தார். எழும்பினார். உடனே அறிவித்தல் வந்தது: அபூசாலிக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

"வாப்பாவேதான்," என்றார் காக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார். நஸீம் காக்கா மடையில் கை வைக்க முதல் போய்ச் சேர வேண்டுமாம். வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "அந்தச் சோம்பேறிட பேர மாத்தினா கைய முறிப்பன்."

அவசரத்தில் விளையாட்டை நிறுத்தாமலே போய்விட்டார். அபூசாலியின் பெயரிலும் கை வைக்க நல்ல வாய்ப்பு. நான் எந்தப் பெயரையும் தொடாமல், இடைநிறுத்தும் பொத்தானை அமத்திவிட்டு எழும்பினேன்.