டார்கஸ் செதுக்கிய பெயர்

வட இங்கிலாந்தில் பள்ளத்தாக்கு ஊரான ஸ்கிப்டனின் சந்தைத் தெருவில், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டிக் கடிகாரங்கள் செய்துவந்தான் ஆம்ப்ரோஸ் ஹோல்கேட். முலாம் பூசும்போது எழும் பாதரசப் புகையைக் குடித்துக் குடித்து, நாற்பது வயதிலேயே கை நடுக்கம் கண்டுவிட்டது. ரொட்டியில் வெண்ணெய் தடவ முடியாத கை சக்கரத்துக்குப் பல் எங்கே வெட்டும்? கடைசி ஆறு வருஷமும் பல் வெட்டியது, ஊசல் மாட்டியது, முகப்புத் தகட்டில் எழுத்துச் செதுக்கியது எல்லாம் அவன் மனைவி டார்கஸ்தான். முகப்பில் மட்டும் 'ஆம்ப்ரோஸ் ஹோல்கேட், ஸ்கிப்டன்' என்றே இருக்கும்.

"வெளிய தெரிஞ்சா பொண்டாட்டி கையால பொழைக்கிறவன்னு சிரிப்பானுங்க. நான் செத்தாலும் சொல்லிடாதடி" என்பான். ஒரு மார்ச் மாதம் செத்தும் போனான்.

அப்போது ஒரு கடிகாரம் பாதி வேலையில் நின்றது. மேட்டுப் பண்ணைக்காரர் ரூபன் இபட்சன் தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தது. டார்கஸ் முடித்தாள். ஒரு கடிகாரத்திலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை. அதிலென்ன தப்பு? புருஷன் போனபின் விதவை தன் பெயரில் கடை நடத்துவது ஊரில் இல்லாததா? 'டார்கஸ் ஹோல்கேட்' என்று செதுக்கி, எழுத்துக் குழிகளில் கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றினாள்.

இபட்சன் வந்தார். மணியோசை பிடித்திருந்தது. முகப்பைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது யாரும்மா செஞ்சது?"

"நான்தாண்ணே."

"வெளையாடாத. நெஜமாவே நீ செஞ்சதுன்னா எனக்கு வேணாம். என் தம்பி வீட்டுல ஒண்ணு இருக்கே, நாலு வருஷம் முன்ன வாங்கினது, அதுல ஓடுற இலைக்கொடியப் பாரு. அது ஆம்ப்ரோஸ் கை. அந்தக் கை உனக்கு வருமா?"

அந்தக் கொடியை மூன்று நாள் குனிந்து செதுக்கியவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் அடுத்த சந்தைக்குள் பள்ளத்தாக்கே சிரிக்கும், குழிக்குள் கிடப்பவனை நினைத்து.

"அவர் செஞ்சு வெச்சுட்டுப் போனதுதாண்ணே. நான் தொடச்சு மாட்டுனேன், அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லு. செத்தவன் ஒழைப்புல ஒம் பேரைப் போட்டுக்கலாமா? மாத்தி வையி, வியாழக்கிழமை வண்டி அனுப்புறேன்."

தகட்டைக் கழற்றிச் சூடுகாட்டி மெழுகை எடுத்தாள். கவிழ்த்துப் போட்டு, பின்னாலிருந்து தட்டித் தட்டிக் குழிகளை எழுப்பினாள். சுரண்டிக் கரியால் தேய்த்தாள். 'டார்கஸ்' மட்டும்தான் போக வேண்டியிருந்தது. 'ஹோல்கேட்' அவனுடையது, அது இருந்துவிட்டுப் போகலாம். அழிந்த இடத்தில் 'ஆம்ப்ரோஸ்' என்று அழுதுகொண்டேதான் செதுக்கினாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தாள். கேட்டு வருகிறவர்களிடமெல்லாம், "அவர் செஞ்சு வெச்சதுல ஒண்ணு மிச்சமிருக்கு" என்று சொல்லி, முப்பத்தொரு கடிகாரம் விற்றாள். ஒரு மனுஷன் அத்தனையையும் எப்போது செய்து வைத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸ் எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்றுதான் ஊர் பேசிக்கொண்டது.