துரைசானி ஒளிக்கச் சொன்ன பரங்கிக்காய்

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ஜெலாப்பாங்கைத் தாண்டிப் போனால் அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான். அங்கே ஒரு தோட்டத்துப் பங்களாவில் 1926ஆம் ஆண்டு சமையல்காரியாக இருந்தவள் ராக்காயி. சேலம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். முதலில் புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தாள். பிறகு பங்களாச் சமையல்கட்டுக்கு விறகு சுமந்துபோட்டு, பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்தது. அவள் புருஷன் பத்துமலை அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டினான், அதாவது பாலெடுக்க ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறும் வேலை.

பங்களாவில் சமைத்தவர் ஒரு ஹைனான் சீனர். அவருக்கும் ராக்காயிக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசும் கொச்சை மலாய் மட்டும்தான். முட்டை அடிப்பதும், சீனியும் வெண்ணெயும் குழைப்பதும், ரப்பர் விறகில் இரும்பு அடுப்பைச் சூடாக்கிக் கேக்கு வேகவைப்பதும் அவள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவைதான். கேக்கு உள்ளே போனதும் அவர் அடுப்புக் கதவின் முன்னால் கையை விரித்து நின்று, "ஜாங்ஙான் புக்கா!" என்பார். திறக்காதே என்று அர்த்தம். கோக்கோ மாவை முதல்முறை நாக்கில் தொட்டுப் பார்த்தவளுக்கு முகம் கோணிவிட்டது. கரிபோலக் கசந்தது. இதைப் போய்ச் சீனியில் கலந்து துரை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்களே, இதில் என்ன ருசி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

திடீரென்று ஒருநாள் அந்தச் சீனர் ஈப்போவில் காப்பிக்கடை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசானி வேறு ஆள் தேடவில்லை. பின் வராந்தாவில் நின்று ராக்காயியைக் கூப்பிட்டு, "நீ குக்கி" என்றார். அவ்வளவுதான். ராக்காயி சமையல்காரி ஆகிவிட்டாள்.

துரைக்குத் தமிழ் நன்றாக வரும். தோட்ட வேலைக்காகப் படித்துப் பரீட்சை எழுதியவர். துரைசானிக்குத் தெரிந்த தமிழ் ஒரு கை அளவு. அதிலும் எல்லாம் கட்டளைகள். கொண்டா, கழுவு, வை, போ. அவர் சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் இல்லை. அவர்களுக்கு ஒரே மகள், நோரா. ஆறு வயது. தோட்டத்தில் எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். ஆயாவின் இடுப்பில் வளர்ந்ததால் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசுவாள்.

மிஸ்ஸி வெளுத்து, மெலிந்துபோயிருந்தாள். ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு, காய்கறி கொடுங்கள் என்று சொல்லிப் போனார். சாப்பாட்டு மேசையில் அன்றிலிருந்து ரகளைதான். அவித்த கேரட்டும் முட்டைக்கோசும் போன தட்டிலேயே திரும்பி வந்தன. கோக்கோ கேக்கு மட்டும் துணுக்கு மிச்சமில்லாமல் போனது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, துரைசானி ஒரு பெரிய பரங்கிக்காயையும் ஒரு கட்டுக் கேரட்டையும் பின் வராந்தாவில் வைத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ராக்காயி. பரங்கி ஒளி. கேரட் ஒளி. கேக்கு செய். மிஸ்ஸி பாக்கக் கூடாது."

"ஒளிக்கணுங்களா, அம்மா?"

"ஆமா, ஆமா. நல்லா ஒளி."

ராக்காயி பரங்கிக்காயையும் கேரட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எதற்காக ஒளிக்க வேண்டும் என்று யோசித்தாள். பிள்ளைக்குக் காயைக் கண்டாலே ஆகவில்லை, அதனால் கண்ணில் படாமல் வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. விறகுக் கொட்டகையில் கட்டைகளுக்குப் பின்னால் காயை வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். பிறகு வழக்கம்போல முட்டை அடித்து, கோக்கோ போட்டு, கேக்கு செய்து அனுப்பினாள். மிஸ்ஸி இரண்டு துண்டு தின்றாள். துரைசானி வராந்தாவுக்கே வந்து, "குட், ராக்காயி! குட்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஈப்போ மார்க்கெட்டிலிருந்து பரங்கிக்காயும் கேரட்டும் வந்தன. "ஒளிச்சாச்சா?" என்று துரைசானி கேட்பார். "ஒளிச்சாச்சும்மா" என்பாள் ராக்காயி. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. லயத்தில் கருவாட்டுக் குழம்புக்குப் போட ஒரு கத்திரிக்காய் கிடைத்தால் பெரிய விஷயம். இங்கே முழுப் பரங்கிக்காய்கள் சாக்குக்கு அடியில் சும்மா கிடந்தன. புருஷனிடம் சொன்னாள்.

"ஒண்ணை நம்ம வீட்டுக்குக் கொண்டு வரட்டுமா? அங்க கெட்டுத்தான் போவுது."

பத்துமலை பயந்துவிட்டான். "பைத்தியமா ஒனக்கு? பங்களாக் காயைத் தூக்கிட்டு வந்தா திருட்டுனு பிடிச்சிருவாங்க லா. ஒளிச்சு வைன்னா ஒளிச்சு வை."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? வெள்ளைக்காரங்களுக்கு என்ன சாங்கியமோ."

இதற்கு நடுவில் இன்னொன்றும் ராக்காயிக்குக் குழப்பமாக இருந்தது. பிள்ளை காய்கறி தொடுவதே இல்லை என்று பங்களாவில் எல்லோரும் புலம்பினார்கள். ஆனால் மத்தியானம் துரையும் துரைசானியும் படுத்துக் கண்ணயரும் நேரத்தில் மிஸ்ஸி சமையல்கட்டுக்கு ஓடி வருவாள். ராக்காயி அப்போதுதான் தரையில் உட்கார்ந்து தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். சோறும் முருங்கைக்கீரையும், சில நாள் பாசிப்பயறு போட்டுக் கடைந்த பசலையும். மிஸ்ஸி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறப்பாள். ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை, பிறகு தட்டில் பாதி. "இன்னும் கீர வையேன், ராக்காயி" என்று கேட்டு வாங்கித் தின்பாள். பிள்ளை சாப்பிடவில்லை என்று இவர்கள் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ராக்காயி நினைத்துக்கொள்வாள். கேட்கவும் பயம். வேலைக்காரியின் தட்டில் மிஸ்ஸி தின்றாள் என்று வெளியே தெரிந்தால் தன்னை என்ன செய்வார்களோ?

கொஞ்ச நாளில் மிஸ்ஸியின் கன்னத்தில் சிவப்பு ஏறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். துரைசானிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துரையும் துரைசானியும் புல்தரையில் மேசை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் ஏதோ தோட்ட விஷயமாகத் துரையைப் பார்க்க வந்து ஓரமாக நின்றிருந்தார். அப்போது காட்டுப் பக்கத்திலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கின. நேரே விறகுக் கொட்டகைக்குள் புகுந்தன. கட்டைகள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய கடுவன், அழுகிய பரங்கிக்காய் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்தரை நடுவே ஓடி வந்தது. பின்னாலேயே குட்டிகள், கை நிறையக் கேரட்டோடு. காய் உடைந்து, விதையும் சாறும் சிதறி, அந்த இடமே நாறிப்போனது.

துரைசானி எழுந்து கொட்டகைக்குப் போனார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் அங்கே பூஞ்சை பிடித்துக் கிடந்தது. "ராக்காயி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மிச்சக் குரங்குகளும் ஓடிவிட்டன.

ராக்காயி ஓடி வந்து நின்றாள். துரைசானி ஆங்கிலத்தில் படபடவென்று பேச, கிராணி ஜெயபாலன் தமிழில் கேட்டார்: "என்ன இது, ராக்காயி? காயையெல்லாம் இங்க ஏன் போட்டு வச்சே?"

"அம்மாதாங்க ஒளிக்கச் சொன்னாங்க. இன்னும் நல்லா ஒளிச்சிருக்கணும், கிராணியாரே. கொரங்கு வரும்னு நெனைக்கலே. என் தப்புதான்."

கிராணி வாயைப் பொத்திக்கொண்டார். துரை நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். துரைசானி சிரிக்கவில்லை. மறுபடியும் என்னவோ கேட்டார். கிராணி விளக்கினார். "கேக்குக்குள்ள ஒளிக்கச் சொன்னாங்க. அரைச்சு மாவுல கலந்து வேகவைக்கணும். பிள்ளைக்குத் தெரியாம உள்ள போவணும்னு. அதுதான் விஷயம்."

ராக்காயி அப்படியே நின்றாள். பரங்கிக்காயைக் கேக்குக்குள் போடுவதா? கூட்டுக்கும் குழம்புக்கும் போடும் காயைப் பலகாரத்தில் எதற்குப் போடவேண்டும்? அதையும் ஏன் திருட்டுத்தனமாகப் போடவேண்டும்? கேட்ட வார்த்தையெல்லாம் புரிந்தது, சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"அப்ப பிள்ளைக்கு ஒடம்பு எப்பிடித் தேறிச்சுனு அம்மா கேக்குறாங்க" என்றார் கிராணி.

ராக்காயி தரையைப் பார்த்தாள். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். அதற்குள் சத்தம் கேட்டு ஓடிவந்த மிஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே சோறு பிசைவதுபோல விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். துரையின் சிரிப்பு நின்றது. துரைசானியின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "என்ன சொல்லுச்சுங்க?" என்று ராக்காயி கிராணியிடம் கேட்டாள். துரை எழுந்து உள்ளே போய்விட்டார்.

"வேலை போச்சு" என்று ராக்காயி லயத்தில் வந்து சொன்னாள். "போனாப் போவட்டும், திருட்டுப் பட்டம் இல்லாம போச்சே" என்றான் பத்துமலை. ஆனால் மறுநாள் காலையில் போக வேண்டாம் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியாமலே போனாள். யாரும் திட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை. மத்தியானம் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, சாப்பிடலாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மிஸ்ஸி வந்தாள். அவள் பின்னாலேயே துரைசானியும் வந்தார். அந்தச் சமையல்கட்டுக்குள் அவர் அப்போதுதான் முதல்முறை வந்தார். சுற்றிலும் பார்த்தார். ராக்காயி எழப் போனாள். "உக்காரு" என்று கையைக் காட்டிவிட்டு, பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஒரு சின்ன முக்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"குடு" என்றார், மிஸ்ஸியைக் காட்டி.

ராக்காயி கீரையை எடுத்துப் பிசைந்து ஒரு உருண்டை கொடுத்தாள். மிஸ்ஸி தின்றாள். துரைசானி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது கோபமா, வருத்தமா, அவமானமா என்று ராக்காயியால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் கையை நீட்டினார். ராக்காயி பதறி, சுத்தமான கிண்ணம் தேடினாள். துரைசானி காத்திருக்காமல் தட்டின் ஓரத்திலிருந்தே இரண்டு விரலால் ஒரு துளி கீரையை எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"துரை பாக்கக் கூடாது" என்றார் போகும்போது. "துரைக்குப் பிடிக்காது."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது. மிஸ்ஸிக்கென்று ஒரு பீங்கான் தட்டு வந்தது. அதில் போட்டால் அவள் தின்னவில்லை. பழைய தட்டுக்கே திரும்பினார்கள்.

அடுத்த வாரம் துரைசானி மறுபடியும் ஒரு பரங்கிக்காயோடு வந்தார். "கேக்கு. துரைக்கு. துரை காய் சாப்பிட மாட்டார்" என்றார். ராக்காயி இந்தமுறை விடவில்லை.

"ஒளிக்கணுங்களா, கலக்கணுங்களா?"

துரைசானிக்கு அந்த வார்த்தை புரிந்தது. முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "கல, கல" என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

முதல் கேக்கு நடுவில் குழி விழுந்து களியாகிவிட்டது. காயில் தண்ணீர் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்தமுறை அவித்து, துணியில் பிழிந்து, அம்மியில் மைபோல அரைத்து, வாணலியில் ஈரம் போகக் கிளறி ஆறவைத்தாள். காயே இனிப்பு என்பதால் சீனியைக் குறைத்தாள். கோக்கோவின் கறுப்பில் காயின் மஞ்சள் காணாமல் போனது. ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து எடுத்தாள். மெத்தென்று வந்திருந்தது. துரை மூன்று துண்டு சாப்பிட்டார். ராக்காயிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரையோ ஏமாற்றுவதுபோலவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

1928இல் மிஸ்ஸியைப் படிக்க வைக்கச் சீமைக்கு அனுப்பினார்கள். துரைசானியும் கூடப் போனார். காரில் ஏறும் முன் மிஸ்ஸி கேட்டாள்: "அங்க கீர இருக்குமா, ராக்காயி?"

"எனக்குத் தெரியலையே, கண்ணு. இருக்கும். எல்லா ஊர்லயும் மண்ணு இருக்குல்ல" என்றாள் ராக்காயி. சொன்னது சரியா என்று அவளுக்கே தெரியாது. துரைசானி அவள் தோளில் கையை வைத்து, ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். கிராணி பக்கத்தில் இல்லை. ராக்காயி தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு கேக்கு செய்து கொண்டுபோய் மேசையில் வைத்தாள். துரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இனிமே கேக்கு வேண்டாம், ராக்காயி" என்றார். காய் விஷயம் தெரிந்துவிட்டதா, மகள் ஞாபகமா? கேட்கிற துணிச்சல் வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

துரைசானி திரும்பி வரவே இல்லை. அடுத்த வருஷம் துரையும் மாற்றலாகிப் போனார். புதுத்துரை தன் சமையல்காரரோடு வந்தார். பத்துமலைக்கு ஈப்போ ரயில் பட்டறையில் வேலை கிடைத்தது. ஈப்போவை ஒட்டியிருந்த சிலிபினில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். ராக்காயி மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டி, அடியிலும் மேலேயும் தணல் போட்டு அடுப்பாக்கினாள். கடையில் கொஞ்சம் கோக்கோ வாங்கி வந்து ஒரு கேக்கு வேகவைத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

அடுத்த வீட்டு மங்களம் ஒரு துண்டு வாங்கிப் பார்த்தாள். "இது என்ன பலகாரம், அக்கா? கறுப்பா இருக்கு. கசக்குமா?"

"தின்னு பாரு. உள்ள பரங்கிக்காய் இருக்கு."

"பரங்கிக்காயா? இதுலயா? எதுக்கு?"

ராக்காயி சிரித்தாள். "அது எனக்கும் ரொம்ப நாள் வெளங்கலே. தின்னு, சொல்றேன்."

மங்களம் நின்றபடியே ஒரு துண்டைத் தின்று முடித்தாள். பல் போன மாமனாருக்கு இன்னொன்று கேட்டாள். ராக்காயி ஓரத்தில் தீய்ந்ததை வெட்டிக் கழித்துவிட்டு, மெத்தென்றிருந்த நடுத்துண்டை எடுத்துக் கொடுத்தாள்.