முன் படம், பின் படம்

பேருந்து நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே பெரியவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடியில் பேசுவதற்காக வெட்டியிருந்த ஓட்டை வழியாக மனிதர்கள் என்னென்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. போகிற ஊரைச் சொல்வார்கள். சில்லறை இல்லை என்பார்கள். வண்டி தாமதமானால் இவள்தான் டயரைக் கழற்றி ஒளித்துவைத்தவள் போலத் திட்டுவார்கள். அவளும் விடமாட்டாள். "வண்டிய என்ன முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?" என்று அவள் ஒருமுறை கேட்டதை இன்றும் டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கூட வேலை செய்பவர்கள் நேரில் 'அக்கா' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'பட்டாசு'.

அந்த மழைக்காலத்தில் ஓட்டை வழியாக வேறு ஒன்று வரத் தொடங்கியது. அறிவுரை.

"தப்பா நெனக்காதீங்க மேடம். காலைல எந்திரிச்சதும் போனப் பாக்கறத விடுங்க. முகம் தானா வத்திடும்" என்றார் டை கட்டிய ஒருவர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டே. மறுநாள் ஒரு கிழவர், கோபத்தைக் குறைக்கச் சொன்னார். அவருக்கு மீதி கொடுக்கும்போது கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள்.

"ஆன்ட்டி, காபிய நிறுத்திட்டு உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணி குடிங்க. கார்டிசால் இறங்கிடும்."

"எதும்மா இறங்கும்?"

"ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஆன்ட்டி. அது ஏறினாதான் முகம் உருண்டையாயிடும். உங்களுக்குத் தெரியாததா? வீடியோல நீங்கதானே இருக்கீங்க."

"நானா?"

அந்தப் பெண் போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

அவள்தான். ஒரே முகம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. இடது பக்கம் பூசணிக்காய் போல ஊதிய முகம், மேலே 'முன்'. வலது பக்கம் கன்ன எலும்பு தெரியச் சிரிக்கும் முகம், மேலே 'பின்'. நடுவில் ஒரு பச்சைப் பொடி டப்பா சுழன்றது. "என் குடும்பத்துலயே ஒரு சகோதரி. கெமிக்கல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டாங்க. சாந்தப் பொடிக்கு மாறினாங்க. இப்ப பாருங்க!" என்றது ஒரு குரல். தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்துகொள்ளக்கூடிய குரல். தங்கச்சியின் குரல்.

பின்னால் வரிசை கத்தியது. பெரியவள் அடுத்த ஆளுக்குத் தவறான ஊருக்கு டிக்கெட் கிழித்தாள். அத்தனை வருட வேலையில் அவள் அப்படிச் செய்ததில்லை.

அவளை எரித்தது படம் எடுத்துப் போட்டது மட்டுமல்ல. 'பின்' என்று போட்டிருந்ததுதான் பழைய படம். நோய் வருவதற்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில் யாரோ எடுத்தது. 'முன்' என்பது போன மாதம் எடுத்தது. அலுவலக அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டும் என்று தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். "என் லைட்டுல எடுத்தா ஸ்டுடியோ தோத்துடும்க்கா" என்று சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். நோயில் விழுந்த முகத்தை முன்னால் வைத்து, விழாத முகத்தைப் பின்னால் வைத்தால் அதற்குப் பெயர் குணம்.

நோய் சிறுநீரகத்தில். காலில் தொடங்கிய வீக்கம் கண் இமைக்கு ஏறிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றியது. முகத்தை ஊதவைத்ததும் அதே மாத்திரைதான். "இதுவும் ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்குச் சொந்தக்கார மருந்துதாம்மா" என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். "வெளியிலேர்ந்து சாப்பாடு வந்தா வீட்ல அடுப்பு அணைஞ்சிடும்ல? அது மாதிரி உடம்பு சொந்தமா சுரக்கறத நிறுத்திடும். நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். நீங்களா நிறுத்திடாதீங்க. உயிருக்கே ஆபத்து." உயிர் இருக்கவேண்டுமானால் இந்த முகம் இருக்கட்டும் என்று பெரியவள் அன்றே முடிவு செய்துவிட்டாள். அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டு உள் அறையில் கோப்பு அடுக்கப் போடுவார்கள். கவுண்டரை விட்டு அவளால் இருக்கமுடியாது. தெரிந்தது புருஷனுக்கும் தங்கச்சிக்கும் மட்டும்.

அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அந்தப் படத்த எடுடி."

"அக்கா, அது எவ்வளவு பேருக்கு நம்பிக்கை குடுத்திருக்கு தெரியுமா?"

"எனக்கு நம்பிக்கை வேணாம். என் மூஞ்சி வேணும்."

"எடுக்கறேன்க்கா. ரெண்டு நாள் டைம் குடு" என்றாள் சின்னவள். ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. போன் எடுக்கப்படவில்லை. எடுத்தால், "மீட்டிங்ல இருக்கேன்." வீட்டில் தனியாக உட்கார்ந்து தன்னையே படம் எடுத்துக்கொள்பவளுக்கு யாரோடு மீட்டிங் என்று பெரியவளுக்குப் புரியவில்லை. "விடேன், கூடப் பொறந்தவதானே" என்றான் புருஷன். "கூடப் பொறந்ததால மூஞ்சியிலயும் பங்கு உண்டா?" என்றாள்.

சின்னவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பெரியவள். சின்னவள் கெட்டவள் இல்லை. ஒரு கம்பெனியில் ராத்திரி பகலாக வேலை செய்து, பாத்ரூமில் போய் அழுது, கடைசியில் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் படுத்தே கிடந்தாள். பிறகு காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு இழுத்து விடுவதைப் படம் எடுத்துப் போட்டாள். கூட்டம் கூடியது. மூச்சு விடுவதைப் பார்க்கவும் ஆள் சேரும் என்று பெரியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கச்சி மறுபடி சாப்பிடுகிறாளே, சிரிக்கிறாளே என்று சந்தோஷப்பட்டாள். மூச்சுக்குப் பிறகு பொடி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெரியவளின் முகத்தையே பார்த்தாள். அவள் முகமும் உருண்டை. உதடு வெளுத்திருந்தது.

"எந்த ஊரு?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேன். இங்க இருப்பீங்கன்னு வீடியோவுக்குக் கீழ யாரோ போட்டிருந்தாங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மூட்டு வலிக்கு ரொம்ப வருஷமா மாத்திரை போடறேன்." மாத்திரையின் பெயரைச் சொன்னாள்; பெரியவள் சாப்பிடுவதும் அதே மாத்திரைதான். " முகம் இப்படி ஆயிடுச்சு. நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு நல்லாயிட்டீங்கன்னு பாத்தேன். நானும் நிறுத்திட்டேன். ஒரு வாரமா வாந்தி. எழுந்தா கண்ண இருட்டுது. உடம்புல இருக்கற விஷம் வெளிய போகுது, பொறுத்துக்கங்கன்னு கமெண்ட்ல சொன்னாங்க. நேர்ல கேட்டுடலாம்னு..." அவள் நிறுத்தினாள். "ஆனா உங்க முகம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

பெரியவள் எழுந்தாள். 'மூடப்பட்டது' என்ற பலகையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தாள். வரிசை கொதித்தது.

"ஹலோ, வண்டி கெளம்புது! டீ குடிக்கப் போறியா?"

"ஆமா, உனக்கும் சேத்து ஊத்திட்டு வரேன். நில்லு."

பக்கக் கதவு வழியாக வெளியே வருவதற்குள் அந்தப் பெண் தரையில் சரிந்திருந்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. கத்திக்கொண்டிருந்தவனே ஓடிப்போய் ஆட்டோ கூப்பிட்டான். மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸிடம் பெரியவள் மாத்திரையின் பெயரைச் சொல்லி, "திடீர்னு நிறுத்திட்டாங்க" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நர்ஸ். "ஊருக்கே தெரியும். எங்க வீட்டுக் கைங்கரியம்தான்."

ஊசி போட்டார்கள். சலைன் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பெரியவள் அங்கிருந்து கிளம்பினாள். கவுண்டருக்குத் திரும்பவில்லை.

சின்னவள் வீட்டில் வட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி, ஒரு தொட்டிச் செடி, பொடி டப்பாக்கள். அறையின் மற்ற மூன்று பக்கமும் துவைக்காத துணி.

"அக்கா! சொல்லாம வந்திருக்க? என்ன இவ்ளோ படபடப்பு? முதல்ல மூச்ச மெதுவா உள்ள இழு..."

"உன் மூச்ச நிறுத்திடுவேன். படத்த எடு."

"உன் பேரப் போடலயேக்கா. ஒரு சகோதரின்னுதானே போட்டேன்."

"பேர வச்சா என்னைக் கண்டுபிடிக்கறாங்க?" பெரியவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விளக்கு அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. "நான் மாத்திரை சாப்பிடறது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

சின்னவள் செடியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"மருந்துக் கடையில சீட்டக் குடுத்து வாங்கிட்டு வந்தவளே நீதானடி. தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா மாத்திரைன்னு சொன்னா யாருக்கா பாப்பாங்க?"

சின்னவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெரியவள் மருத்துவமனையில் கிடக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். நிலையத்தில் யாராவது அதைக் கேட்டிருந்தால் பயந்திருப்பார்கள்.

"அய்யோ... இப்ப எப்படி இருக்காங்க?"

"பொழச்சுக்குவா. அதுல உன் புண்ணியம் எதுவும் இல்ல."

சின்னவள் வீடியோவை அழித்தாள். பிறகு எதையோ தேடினாள். தேடத்தேட முகம் சுருங்கியது. அந்தப் படம் வேறு பக்கங்களுக்குப் போயிருந்தது. ஒருவன் அதே இரண்டு முகங்களுக்கு நடுவில் தேயிலை விற்றான். இன்னொருத்தி கழுத்தில் தேய்க்கிற கல் விற்றாள். தெரியாத பாஷையில் ஒருவன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தான். பெரியவள் அங்கேயும் ஊதியிருந்தாள், வற்றியிருந்தாள்.

"திருட்டுப் பசங்க! ஒரு வார்த்தை கேக்காம எப்படி எடுக்கலாம்?" என்று கத்தினாள் சின்னவள்.

பெரியவள் அவளைப் பார்த்தாள்.

சின்னவள் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சிறுவயதில் அழுதது போலவே, தோள் குலுங்க. பெரியவளின் கை தானாக அவள் தலைப்பக்கம் போனது. பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"எழுந்திரு. இங்க வந்து உக்காரு. என் மூஞ்சி போதும். இப்ப உன் மூஞ்சில பேசு."

"என்ன பேசறது?"

"நடந்தத. எனக்குச் சிறுநீரக நோய்னு சொல்லு. மாத்திரையாலதான் வீக்கம்னு சொல்லு. படத்த மாத்திப் போட்டேன்னு சொல்லு."

"உன் ஆபீஸ்ல தெரிஞ்சிடுமேக்கா. உன்னக் கவுண்டர்லேர்ந்து எடுத்துட்டா?"

"அந்தக் கவலை படத்தப் போடும்போது எங்க போச்சு? பேசு."

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன் ஓடத் தொடங்கியது. "ஹாய் மக்களே..."

"மக்கள விடு. நேரா சொல்லு."

"இன்னிக்கு உங்ககூட மனசு விட்டு ஒரு விஷயம்..."

"சிரிக்காத."

"சிரிக்கலக்கா. வாய் அப்படியே பழகிடுச்சு."

"பழக்கத்த மாத்து."

மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒருமுறை பாதி சொல்லிவிட்டு உடைந்துபோனாள். ஒருமுறை 'தவறான புரிதல்' என்றாள். "புரிதல் இல்ல, பொய்" என்றாள் பெரியவள். கடைசியில் சின்னவள் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணும் மூக்கும் சிவந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிமுடித்தாள். நான் பொய் சொன்னேன். என் அக்கா குணமாகவில்லை, மாத்திரையால் உயிரோடு இருக்கிறாள். நீங்கள் சாப்பிடும் மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் இப்போதே டாக்டரிடம் போங்கள். பொடியைப் பற்றி எதுவும் சொல்லாமல் முடிக்கப் பார்த்தாள். பெரியவள் டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இது யாரையும் குணப்படுத்தல" என்று சின்னவள் அதையும் சொன்னாள்.

"போடு."

போட்டாள். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோபம் இறங்கும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. காது இன்னும் சூடாகவே இருந்தது.

முதல் கமெண்ட் வந்தது.

'அக்கா உங்க முகமும் வீங்கியிருக்கே? கார்டிசால் ஏறிடுச்சா? டேக் கேர்.'

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் போனை அவள் கையிலிருந்து பிடுங்கி, பழக்கமில்லாத விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள்.

'அழுதா வீங்கத்தான் செய்யும். முதல்லேர்ந்து கேளு.'