‘விருப்பமில்லை’ என்று எழுதச் சொன்னவன்

மாரிராஜுக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. சாம்பார் வைத்தால் பக்கத்து அறைக்கும் சேர்த்து வைப்பான். தும்மினால் கீழ்வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும். கோவில்பட்டிக்காரன், முப்பத்திரண்டு வயது. ஒரகடம் பக்கம் காருக்கு வயரிங் கட்டும் ஒரு கம்பெனியில் லைன் லீடர். கம்பெனி ரோலில் இருப்பவன், அதாவது நிரந்தரம். நான் கோமதிநாயகம், சங்கரன்கோவில். வேறு கம்பெனி, நானும் ரோல்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு வருடமாக அவனோடு ஒரே அறையில் காலம் தள்ளுகிறேன். அவன் குறட்டையைச் சகித்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு ஆட்டம் உண்டு. விரல் உயரத்தில் பிளாஸ்டிக் போர்வீரர்கள். வாங்கி, ஒட்டி, மெல்லிய பிரஷ்ஷால் பெயின்ட் அடித்து, பலகையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். ஆளுக்கு ஐந்து வீரர்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹவுஸ் ஓனர் ராஜாமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாண வயசுல பொம்ம வெச்சிகினு ஆடுதுங்க பாரு” என்று சிரிப்பார். சிரிக்கட்டும். நாள் முழுக்க நின்ற இடத்தில் நின்று ஒரே கிளிப்பை மாட்டுகிறவன், வாரத்தில் ஒரு நாள் தானே யோசித்து ஒரு வீரனை நாலு அங்குலம் நகர்த்துகிறான். அதன் சுகம் அக்காவுக்குத் தெரியாது.

ஆட்டத்தில் நாங்கள் நாலு பேர். மாரிராஜும் நானும் போக, அவன் லைனில் வேலை பார்க்கும் காண்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் லோகேஷ், பென்னலூரில் சொந்த வீடு உள்ளவன். இன்னொருத்தி இசக்கிசெல்வி. நாங்குநேரிப் பெண், காண்ட்ராக்டுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் ஹாஸ்டலில் இருக்கிறாள். எங்களில் கெட்டிக்காரி அவள்தான். தன் ஐந்து வீரர்களுக்கும் ஹாஸ்டல் அறைத் தோழிகளின் பெயரை வைத்திருந்தாள். ரத்னா செத்துப் போனால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஊரில் அவளுக்கு ஒரு மாமன் மகனைப் பேசி வைத்திருந்தார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இங்கே கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் வரை ஹாஸ்டலில் கட்டில் உண்டு; கட்டில் இருக்கும் வரை அவள் சொன்ன மாட்டேனுக்கு மரியாதை உண்டு. அட்டை போனால் மறுநாள் நாங்குநேரிக்கு ரயில்தான். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். மாரிராஜுக்கும் நன்றாகவே தெரியும்.

போன மழைக்காலத்தில் மாரிராஜுக்குப் பெரிய ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. ஐந்து பேர் சண்டை போதாதாம். ஆளுக்கு எழுபது வீரர்கள், வரிசை வரிசையாக, இருபது பேர் ஒரே அடியில் நகரும் படையாக வேண்டுமாம். நாள் முழுக்க ஆட வேண்டுமாம்.

“சின்ன ஆட்டத்துல ஒரு பகடை கவுந்தா கத முடிஞ்சிதுல்லா? பெருசுல அப்படி இல்ல. இந்தப் பக்கம் தோத்தாலும் அந்தப் பக்கம் ஏறி வரலாம். நெனச்சுப் பாருங்கலே, மேச முழுக்க ஆளு!”

லோகேஷ் கேட்டான்: “எய்வது பேருக்கு யார்ணா பெயின்ட் அடிக்கிறது? அஞ்சுக்கே கண்ணு பூத்துப் போவுது.”

“ஒரேயடியா எதுக்கு? மொதல்ல இருபது அடி. மிச்சத்த என்கிட்ட கடன் வாங்கி நிறுத்து. எல்லாத்துக்கும் ஒரே செவப்பு, ஒரே கருப்பு. மூஞ்சிக்கு மெனக்கெடாத, தூரத்துல யாருக்குத் தெரியப் போவுது?”

செல்விக்கு அதுதான் பிடிக்கவில்லை. “மூஞ்சி இல்லாட்டா அது யாருண்ணே? அஞ்சு பேருன்னா பேரு வைக்கலாம். எழுபதுன்னா வெறும் ஹெட்கவுன்ட்டுதான?”

அவன் விடுவானா? வாரக்கணக்கில் அவளை நச்சரித்தான். பஸ்ஸில் பேசினான், கேன்டீனில் சாம்பார்க் கிண்ணங்களை வரிசையாக வைத்துக் காட்டினான். கடைசியில் அவள், “சரிண்ணே, உங்க தொல்ல தாங்கல” என்று ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதும் எங்களைவிட வேகமாகப் பெயின்ட் அடித்தாள். அதுவும் எழுபதுக்கும் மூஞ்சி வரைந்து.

பெரிய ஆட்டத்துக்குத் தயாராக ஞாயிறுகள் தேவைப்பட்டன. சிக்கல் அங்கேதான் வந்தது. அவர்கள் லைனில் ஒவ்வொரு வியாழனும் ஒரு தாள் சுற்றி வரும். ‘ஞாயிறு ஓ.டி. – விருப்பம் உண்டு / இல்லை’ என்று போட்டு, எதிரே கையெழுத்துக்கு இடம் இருக்கும். லோகேஷ் உள்ளூர்க்காரன், விவரம் தெரிந்தவன்.

“இல்லன்னு எய்தவே கூடாதுணா. உண்டுன்னு எய்திட்டு, ஞாயித்துக்கெயம காலைல வவுத்தால போவுதுன்னு ஒரு போனு. முட்ஞ்சிது. இங்க எல்லாம் அப்டித்தான் பண்ணிகினு கீறாங்க.”

மாரிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் எதுக்குலே? விருப்பமான்னுதான கேக்கான்? இல்லன்னா இல்லன்னு எழுது. எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கிடுதேன்.”

லோகேஷ் தலையை ஆட்டிவிட்டு, தன் வழக்கப்படி வயிற்றைச் சாக்குச் சொன்னான். செல்வி ‘இல்லை’ என்று எழுதினாள். ஒன்றல்ல, ஐந்து வியாழன்.

ரோலில் இருப்பவனுக்கு ஞாயிறு தானாக வந்து விழும். காண்ட்ராக்ட் ஆள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்டதை எவனோ ஒருவன் குறித்து வைப்பான். நேர்மையானவன் என்று பெயர் வாங்கிய மாரிராஜின் மண்டையில் இது ஏறவில்லை. என் மண்டையிலும் ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டத்துக்கு நாள் குறித்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளி சாயங்காலம், மாரிராஜ் அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். ஆர்டர் குறைந்துவிட்டதாம். லைனில் நாலு பேரை வேலையை விட்டு நிறுத்துகிறார்களாம். மூன்று மாதத்தில் அதிகமுறை ‘இல்லை’ என்று எழுதியவர்கள் யார் என்று ஏஜென்சியே எண்ணி, பெயரை டைப் அடித்து அனுப்பிவிட்டது. சூப்பர்வைசர் ரகுபதி அந்தத் தாளை நீட்டி, லைன் லீடர் கையெழுத்து வேண்டும் என்றாராம். இரண்டாவது பெயர் இசக்கிசெல்வி. போன் போட்டுப் பொய் சொன்ன லோகேஷின் பெயர் இல்லை.

“பேசுனியாடே?” என்றேன்.

“பேசுனேன். நாந்தான் எழுதச் சொன்னேன், அவ மேல தப்பில்லன்னு சொன்னேன். ‘அப்ப உன் பேரையும் சேக்கட்டுமா’ன்னு கேட்டுச் சிரிச்சாரு.”

“கையெழுத்து?”

“போட்டுட்டேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தட்டை வீசினேன். நான் பேசிக்கிடுதேன் என்று மார்தட்டியவன்தானே இவன்? தான் போடாவிட்டால் ரகுபதியே போடுவார் என்று மட்டும் இரண்டு தடவை முனகினான். அது உண்மைதான். ஆனாலும் அந்த உண்மை எனக்கு அருவருப்பாக இருந்தது. திங்கட்கிழமை மதியம் ஏஜென்சிக்காரன் வந்து அட்டைகளை வாங்கிக்கொள்வான். அதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். “ஞாயித்துக்கெழம ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிருதேன்” என்றான். சொல்வதற்கு அது ஒரு நேரமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஞாயிறு காலை, பென்னலூரில் லோகேஷ் வீட்டு மாடி. இன்னும் டைல்ஸ் ஒட்டாத ஹால். இரண்டு பேக்கிங் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, இருநூற்று எண்பது வீரர்களை நிறுத்தி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. லோகேஷ் போனில் வீடியோ எடுத்துத் தள்ளினான். செல்வி மேசையைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள்.

“அண்ணே, நீங்க சொன்னது சரிதாண்ணே. நாந்தான் கிறுக்கி மாதிரி வேண்டாம்னுட்டு இருந்தேன். இதுல்லா ஆட்டம்!”

மாரிராஜ் வாங்கிய பாராட்டுகளிலேயே அவனை இப்படி அடித்தது வேறொன்றும் இருக்காது. குனிந்து டேப்பைத் தேடுவதுபோல் தேடினான். டேப் அவன் கையிலேயே இருந்தது.

பெரிய ஆட்டத்தில் ஒரு விதி. சின்ன ஆட்டத்தில் எந்த வீரன் சாகிறான் என்று பகடை சொல்லிவிடும். பெரிய ஆட்டத்தில் பகடை எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். ஆளைப் படைக்குச் சொந்தக்காரர் தன் கையால் எடுக்க வேண்டும். பன்னிரண்டரை மணி வாக்கில் செல்வியின் குதிரைகள் மாரிராஜின் இடது பக்கத்தில் புகுந்தன. அவள் உருட்டினாள். நாலு.

“நாலு பேரு போச்சு. எடுங்கண்ணே!”

மாரிராஜ் கையை நீட்டினான். நீட்டிய கை படைக்கு மேலேயே நின்றது.

“இன்னாணா யோசன?” என்றான் லோகேஷ். “பின்னாடி நிக்கிறவனத் தூக்கு. யாரா இருந்தா இன்னா, உனுக்கு நாலு கொறையணும், அவ்ளோதானே?”

மாரிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு, குலுங்கி அழுதது. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னான். நாலு பேர், நாளைக்கு, அதில் நீ ஒருத்தி, ஐந்து வியாழன் ‘இல்லை’ என்று எழுதியதற்காக.

செல்வி கையில் இருந்த பகடைகளைத் துணியின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

“நீங்கதானண்ணே எழுதச் சொன்னிய” என்றாள். திட்டவில்லை. சும்மா சரிபார்ப்பதுபோல் கேட்டாள். பிறகு, “லிஸ்ட்ல கையெழுத்து ஆயிட்டா?”

மாரிராஜ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இன்னும் இல்ல” என்றான்.

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. துப்பட்டாவை இழுத்துக் கட்டினாள், பையை எடுத்தாள். “செகண்ட் ஷிப்ட் ரெண்டு மணிக்குல்லா? இன்னைக்கு ஓ.டி.க்கு ஆளு பத்தலன்னு ஹாஸ்டல்ல கங்கா சொன்னா. நான் போயி நிக்கேன். இவ வந்து நின்னான்னு ரகுபதி சார் பாத்தா பேர எடுத்துருவாருல்லாண்ணே? வண்டிய எடுங்க, மணி ஆவுது.”

வேண்டாம் என்று சொல்ல அங்கே மூன்று ஆம்பளைகள் இருந்தோம். கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று லோகேஷுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாரிராஜ் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விரட்டிக்கொண்டு போனானாம். பின்னால் உட்கார்ந்து அவள் வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டு வந்தாளாம். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேட்டில் இறங்கி ஓடினாள். அட்டையை மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் திரும்பிப் பார்த்து, அட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.